பத்துச் சாமான்

அன்று காலை என் கையில் இரண்டு லோட் இருந்தன. ஒன்று வவுனியாவுக்கு பிஸ்கட் பெட்டிகள். பாரம் குறைவு, டீசல் மிச்சம், திரும்பி வரும்போது அரிசி ஏற்றித் தருவதாக அங்கத்தைய கடைக்காரர் முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். மற்றது வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வீட்டுச் சாமான். நான் இரண்டாவதை எடுத்தேன். இப்போது எழுதும்போதுகூட எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

மடையன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒற்றை லொறியை வைத்துக்கொண்டு தானே ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு ஹயர் காசு எவ்வளவு என்பது முக்கியமில்லை, திரும்பி வரும்போது பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம். அதற்கு முந்தின கிழமை திருகோணமலையில் ஓர் ஆள் ரிட்டர்ன் லோட் தருகிறேன் என்று சொல்லி, நான் போய்ச் சேர்ந்ததும் போனை நிறுத்திவிட்டார். இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் வெறும் லொறியை உருட்டிக்கொண்டு வந்தேன். பின்கதவு தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தது. நிறைந்த லொறி அப்படிச் சத்தம் போடாது. அந்தச் சத்தம் காதை விட்டுப் போகாமல் இருந்தபடியால், தூர லோட் என்றாலே எனக்கு வெறுப்பாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் எனக்கு லோட் பிடித்துத் தருகிற புரோக்கர் ஒரு முஸ்லிம் பெரியவர். பழைய ஹார்ட்வெயார் கடையொன்றின் முன்பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு போன். அவ்வளவுதான் அவருடைய கந்தோர்.

“தம்பி, சின்ன வேல. பத்துச் சாமான்தான் ஈக்கிது. ஒரு பொம்புள, தனிய. ரெண்டு மணித்தியாலத்துல முடிஞ்சிரும். பொறகு பகல் ரெண்டு மணிக்கி பேலியகொடைல டைல்ஸ் ஏத்தி மாளிகாவத்தைக்கிக் குடுத்தீங்கண்டா, ஒரே நாள்ல ரெண்டு ஹயர்.”

ஒரே நாளில் இரண்டு ஹயர், இரண்டும் கொழும்புக்குள், ராத்திரிக்கு வீட்டில் சோறு. வவுனியா லோட்டைப் பக்கத்தில் நின்ற கூட்டாளிக்குத் தள்ளிவிட்டேன். அவன் நம்பமுடியாமல் என்னை இரண்டு தரம் பார்த்துவிட்டு உடனே போய் லொறியை ஸ்டார்ட் பண்ணினான்.

வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். என் மனைவி ஒரு வசனம்தான் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, வீடு மாத்துற வேலை எடுக்காதேங்கோ எண்டு எத்தனை தரம் சொல்லியிருக்கிறன்?” அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுத்தான் போனேன். எத்தனையாம் மாடி? மூன்று. லிப்ட்? இருக்கிறது. ஒழுங்கைக்குள் லொறி போகுமா? போகும். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை, நல்ல அகலம்தான். புறக்கோட்டையிலிருந்து சுமை தூக்குகிற நாட்டாமைகள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்கே போய் நின்றேன்.

அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, கையில் ஒரு கொப்பி. தபால் கந்தோரில் முப்பது வருஷம் வேலை பார்த்தவவாம். சாமான் ஒவ்வொன்றிலும் கடதாசி ஒட்டி இலக்கம் போட்டிருந்தா. கட்டிலுக்கு ஒன்று, மெத்தைக்கு இரண்டு, அலுமாரிக்கு மூன்று என்று தையல் மெஷின் வரைக்கும் பத்து. இப்படி ஒழுங்கான ஆளை நான் வீடு மாற்றுகிற வேலையில் கண்டதேயில்லை. புரோக்கர் சொன்னது உண்மைதான் என்று சந்தோஷப்பட்டேன்.

குசினி வாசலில் அவவின் மருமகள் நின்று யாருடனோ போனில் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தா. அப்போதாவது எனக்கு மணியடித்திருக்க வேண்டும்.

கட்டிலும் மெத்தையும் அலுமாரியும் ஏற்றியாகிவிட்டது. நாலாவது சாமானுக்கு நாட்டாமைகள் மேலே போகும்போது ஒரு கார் வந்து லொறிக்கு முன்னால் குறுக்கே நின்றது. கழுத்தில் டை கட்டின ஒருவர், நாற்பது வயதிருக்கும், கதவை மூடாமலே இறங்கி ஓடி வந்தார். கொள்ளுப்பிட்டியில் வேலை செய்கிற மகன். மனைவி போனில் சொன்னதும் வேலையைப் பாதியில் விட்டுக் கிளம்பி வந்திருக்கிறார். தாய் வீடு மாறுகிற விஷயம் அவருக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது.

“அம்மா, என்ன இது?”

“சாமான்.”

“எங்க போறீங்கள்?”

“கொட்டாஞ்சேனைக்கு. வாடகைக்கு ஒரு அனெக்ஸ் எடுத்திருக்கிறன், ஒரு அறையும் குசினியும். அட்வான்சும் குடுத்திட்டன்.”

அவர் தாயை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “அண்ணை, எல்லாத்தையும் இறக்குங்கோ.”

நாட்டாமைகள் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். “ஏத்துங்கோ தம்பி, நான்தானே லொறி பிடிச்சது” என்றா.

ஏற்றச் சொன்னால் ஏற்றுவது, இறக்கச் சொன்னால் இறக்குவது நாட்டாமைகளின் தொழில். சாமானுக்கு இவ்வளவு என்று கூலி. எந்தத் திசையில் போனாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆகவே மகன் சத்தம் போட்டதும் அலுமாரியை இறக்கி மேலே கொண்டுபோனார்கள். அரை மணித்தியாலம் கழித்துத் தாய் மேலே போய்ச் சொன்னதும் திரும்பவும் கீழே கொண்டுவந்தார்கள். இரண்டாந்தரம் கொண்டுவரும்போது செக்கியூரிட்டிக்காரர் லிப்டைப் பூட்டிவிட்டார். அது ஆட்கள் போகிறதற்காம், அலுமாரி போகிறதற்கு இல்லையாம். அதன்பிறகு எல்லாம் படியால்தான். அதோடு, என் லொறிக்குப் பின்னால் நாலு கார் மாட்டிக்கொண்டதால் அவர் ஜன்னலில் தட்டித் தட்டி, “அய்யே, லொறிய அயின் கரன்ன!” என்று கத்தத் தொடங்கினார். லொறியை எடு என்கிறார். எங்கே எடுப்பது? முன்னால் மகனின் கார். பின்னால் நாலு கார். நடுவில் நானும் அரைவாசிச் சாமானும்.

மணி பதினொன்றாகியது. கூட்டாளியிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. புத்தளம் தாண்டி ஒரு கடையில் உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருக்கிறான். கீழே, “நன்றி மச்சான்” என்று எழுதியிருந்தான்.

அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்து, அதில் ஏறி, என் லொறியின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டா. கைப்பையை மடியில் வைத்துக் கதவை இழுத்துச் சாத்தினா. மகன் சுற்றி வந்து என் பக்க ஜன்னலில் தலையை நீட்டினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

“அம்மா, இஞ்ச உங்களுக்கு என்ன குறை? சொல்லுங்கோ.”

“குறை ஒண்டுமில்லை.”

“பிறகு?”

“முப்பது வருஷம் கவுண்டரில நிண்டு உழைச்சனான். இப்ப ஒரு தேத்தண்ணி போடுறதெண்டாலும் குசினிக்க ஆர் நிக்கினம் எண்டு பாத்துத்தான் போக வேண்டிக்கிடக்கு. ஆரிலயும் பிழையில்லை. உன்ர மனுசி நல்ல பிள்ளை. எனக்கெண்டு ஒரு அடுப்பு வேணும், அவ்வளவுதான்.”

“சனம் என்ன சொல்லும்? தாயைத் துரத்திவிட்டுட்டான் எண்டெல்லோ கதைக்கும்.”

“நீ துரத்தேல்லை எண்டு நான் சொல்லுறன். வேணுமெண்டா எழுதியும் தாறன்.”

வேறு யாருடைய வீட்டு விஷயமாவது இருந்தால் நானும் இரக்கப்பட்டிருப்பேன். ஆனால் அது என் லொறிக்குள் நடந்தது, என் மூக்குக்கு முன்னால். எனக்கு இருவர் மேலும் இரக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் போன் அடித்தது. டைல்ஸ் கடைக்காரர். இரண்டு மணிக்கு வருவீர்களா, அல்லது வேறு லொறி பார்க்கவா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா, “தம்பி, ஏசியைப் போடுங்கோவன், வேர்க்குது” என்றா. என் லொறியில் ஏசி இருந்ததேயில்லை.

அதோடு எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று.

“ரெண்டு பேரும் கேளுங்கோ” என்று கத்தினேன். “நான் கோர்ட்டு இல்லை, லொறி. ஒரு இடத்தில ஏத்துவன், இன்னொரு இடத்தில இறக்குவன். ஒரே இடத்தில நிண்டு ஏத்தி ஏத்தி இறக்க என்னால ஏலாது! பத்து நிமிஷம் தாறன். முடிவைச் சொல்லுங்கோ. இல்லாட்டி இருக்கிறதை ரோட்டில வைச்சிட்டு நான் போறன்.”

மகன் ஜன்னலிலிருந்து தலையை எடுத்தார். காருக்குப் போய் அதைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார். பின்னால் மாட்டியிருந்த கார்கள் போகட்டும் என்று நானும் லொறியை ஒதுக்கினேன். திரும்பிப் பார்த்தால் நாட்டாமைகளைக் காணவில்லை. நான் கத்தியதைக் கேட்டு, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஒரு கால் மணித்தியாலம் நான் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன். பிறகு படியில் சத்தம் கேட்டது. மகன் டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, தையல் மெஷினைத் தனியாக நெஞ்சோடு அணைத்தபடி மூன்று மாடி இறங்கி வருகிறார். மூச்சு வாங்குகிறது. மெஷினைப் பின்கதவில் வைத்துவிட்டு, “பிடியுங்கோ அண்ணை” என்றார். நான் பிடித்தேன். நாட்டாமைகள் திரும்பி வரவேயில்லை, மிச்சச் சாமான்களையெல்லாம் நாங்கள் இருவரும்தான் தூக்கினோம். மருமகள் ஒரு பெட்டிக்குள் மிளகாய்த் தூளும் பருப்பும் அரிசியும் கட்டிக் கொண்டுவந்து மாமியின் காலடியில் வைத்தா. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ மெதுவாகச் சொன்னார்கள். அந்தப் பெட்டி பதினோராவது சாமான்.

டைல்ஸ் லோட் அதற்குள் வேறொருவரிடம் போய்விட்டது.

மகனும் லொறியில் ஏறிக்கொண்டார். மூன்று பேரும் நெருக்கியடித்து, தாய் நடுவில். மெரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டி வரும்வரைக்கும் ஒரு சத்தமில்லை. நிம்மதி என்று நினைத்தேன். அதன்பிறகு கேஸ் சிலிண்டரை யார் மாற்றித் தருவது என்பதில் தொடங்கினார்கள், கொட்டாஞ்சேனை வரைக்கும் நிறுத்தவில்லை.

அனெக்ஸ் இருந்த ஒழுங்கைக்குள் லொறி போகாது. நான் இருபது வருஷம் குடியிருக்கிற இடம், எங்கள் வீட்டுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி, எனக்கே அது தெரியாமல் போனது. வெள்ளவத்தையின் ஒழுங்கையைக் கேட்டவன் என் சொந்த ஊரின் ஒழுங்கையைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நூறு யார் தூரம் கையால் சுமந்தோம். அலுமாரி வாசலுக்குள் நுழையவில்லை. வீட்டுக்கார மனுசியிடம் ஸ்குரூட்ரைவர் வாங்கி, மகன் வாசற்கதவைக் கழற்றினார். அலுமாரி உள்ளே போனதும் கதவு திரும்பப் பொருந்த மாட்டேனென்றது. ஒரு திருகாணியைக் காணவில்லை. ஐந்தரை மணிக்கு நாங்கள் மூன்று பேரும் முழங்காலில் நின்று திருகாணி தேடிக்கொண்டிருந்தோம்.

பேசின ஹயரை அந்த அம்மா கொப்பியைப் பார்த்து எண்ணித் தந்தா. ஒரு சதம் கூடவில்லை, குறையவுமில்லை. காத்திருந்த நேரத்துக்கு ஏதாவது கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. அந்தச் சிறிய அறையில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில், இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தபடி அவ நின்ற விதத்தில் கேட்க முடியவில்லை.

மகனை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். இறங்குகிற நேரத்தில் கேட்டார்: “அண்ணை, நீங்கள் இந்தப் பக்கம்தானே இருக்கிறது? ஒருக்கா ரெண்டுதரம் எட்டிப் பாப்பீங்களோ?”

“நான் கிழமையில நாலு நாள் ரோட்டில தம்பி.”

“அப்ப மிச்ச மூண்டு நாள்.”

என் நம்பரைப் போனில் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. “அண்ணை, அம்மா போன் எடுக்கிறா இல்லை, ஒருக்காப் போய்ப் பாருங்கோ.” போய்ப் பார்த்தால் போன் மேசையில் கிடக்கும், அவ கோயிலில் நிற்பா. இன்னொரு நாள் சந்தையில் நிற்பா. ஒரு தரம் நான் தம்புள்ளையில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். என்னால் வர முடியாதென்று என் மனைவியை அனுப்பினேன். நான் செய்த இரண்டாவது பிழை அது. போனவள் மூன்று மணித்தியாலம் கழித்து வந்தாளாம். அடுத்த நாளும் போனாளாம்.

இப்போது லோட் ஏதாவது வந்தால் எடுப்பதா விடுவதா என்று கேட்க நான் வீட்டுக்குப் போன் எடுக்கிறேன். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்று முன்பே சொன்னேன். ஆனால் அவள் போனை எடுப்பதில்லை. போன கிழமை குருநாகலில் இரண்டு லோட் கையில் இருந்தது. தேங்காய்க்காரன் ஒரு பக்கம், கோழித்தீன்காரன் ஒரு பக்கம், இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மனைவியை அழைத்தேன், பதிலில்லை. அந்த அம்மாவை அழைத்தேன், அங்கும் பதிலில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் மகனைக் கூப்பிட்டேன்.

“தம்பி, உங்கட அம்மாவோட என்ர மனுசி எங்கயும் போயிருக்கிறாவோ?”

“தெரியேல்லை அண்ணை. நானும் காலமையிலயிருந்து போன் அடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.”

நான் கோழித்தீனை ஏற்றினேன்.