இரண்டு கால் கேரட்

பாகூரில் எனக்குத் தெரியாத பயிர் கிடையாது என்று இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

துரைமார் சாப்பிடுகிற கேரட்டை நாமும் இந்தப் பனிக்குப் போட்டுப் பார்ப்போமே என்று, பிரான்சிலிருந்து கப்பலில் வந்த விதையைப் புதுச்சேரியில் வாங்கினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரன் கோவிந்தனுக்கும் பாதி கொடுத்தேன்.

நெல்லுக்குச் செய்வதுபோல் நாற்று விட்டு, பிடுங்கி, கயிறு பிடித்து வரிசையாக நட்டேன். அவன் கிணற்றடியில் தூவிவிட்டுத் தைக்கப் போய்விட்டான். சோம்பேறி என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

இன்று இருவரும் பிடுங்கினோம். அவனுடையது ஒவ்வொன்றும் நேராக, சிவப்பாக, பார்க்கவே எரிச்சலாக இருந்தது. என்னுடையதெல்லாம் கிளைத்து முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"இன்னா உரம் கோவிந்தா போட்ட?" என்றேன்.

"நான் இன்னாத்தப் போட்டேன்? தூவுனதோட மறந்தே பூட்டேண்ணா."

பிடுங்கி நட்டதில்தான் வேர் கோணியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உழைத்தவனிடம் தோற்றால் பொறுக்கலாம். மறந்தவனிடம் தோற்பதை எப்படிப் பொறுப்பது?

என் கேரட் ஒன்றுக்கு இடுப்புக்குக் கீழே இரண்டு கால்கள். கோவிந்தன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்குக் கால்சட்டையே தெக்கலாம்ணா. குடேன், கடையில வெக்கிறேன். நாலு பேரு வந்து பாப்பாங்க."

அவன் கையிலிருந்து பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். அவனிடம் இல்லாதது என்னிடம் ஒன்றாவது இருக்கட்டும்.

கொடுத்திருக்கலாம் என்கிறவர்கள், பக்கத்து வீட்டுத் தோட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.