குளத்தில் இறக்கிய கடல் பறவை

போன வருஷம் ஜூன் மாதம், காற்று கூரைத் தகட்டையே பிடுங்கிக்கொண்டு போன ஒரு காலை. கடலுக்கு வெகு தூரத்தில், கலேவெல பக்கத்துக் கிராமங்களில் மோட்டார் சைக்கிளில் கடல் மீன் விற்பவன் நான். வழக்கமாக மீன் வாங்கும், அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர் என்னைப் பாதையிலேயே மறித்தார். அவருடைய மிளகாய்த் தோட்டத்தில் ஒரு பறவை விழுந்து கிடந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வால் இரண்டாகப் பிளந்திருந்தது. சோறு வைத்தார்களாம், நெல் வைத்தார்களாம். தொடவே இல்லை.

"நானா, நீங்க கடல் மீன் விக்கிறவங்கதானே, இது என்னன்னு பாருங்களேன்" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

நான் கடலைப் பார்த்ததே வாழ்க்கையில் இரண்டு தடவைதான். அதைச் சொன்னால் மரியாதை என்ன ஆவது? கூட்டம் வேறு கூடிவிட்டது. கூரான அலகைப் பார்த்துவிட்டு, "கடல் பறவைதான். தண்ணியில விட்டா சரியாயிடும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

பக்கத்துக் குளத்தில் விட்டோம். வாத்து மாதிரி நீந்தும் என்று பார்த்தால், இறகெல்லாம் ஊறி ஒரு பக்கமாகச் சாய்ந்து முங்கத் தொடங்கியது. கட்டியிருந்த சாரத்தோடு இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் எட்டிப் பிடித்தேன். நனைந்த துணி மாதிரிக் கையில் கிடந்தது.

துஆ ஓதிக்கொண்டே பெண் மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டு ஓடினேன். "பயப்படாதீங்க, உயிர் இருக்கு" என்றார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அது நடுக்கடலில் வாழும், ஆலா என்ற கடற்பறவையில் ஒரு வகையாம். வெயில் நாட்டுக் கடல்கள் எல்லாவற்றிலும் சுற்றுமாம். முட்டையிட மட்டும் தீவுகளில் இறங்கும். பறந்தபடியே, மேலே வரும் சின்ன மீனையும் கணவாயையும் கொத்தித் தின்னும். இறகு ஊறிவிடும் என்பதால் தண்ணீரில் உட்காரவே உட்காராது. காற்றுதான் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது என்றார்.

துடைத்துக் காயவைத்து, என் பெட்டியில் இருந்த நெத்தலியைக் கழுவி ஊட்டினார். முதலில் துப்பியது. கொஞ்ச நேரத்தில் அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கித் தின்றது. அப்பாடா! சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

தெம்பு வந்ததும், டாக்டரே வனவிலங்கு அதிகாரிகளிடம் பேசி அனுமதி வாங்கினார். எனக்கு மீன் கொண்டு வரும் லொறி, திருகோணமலைக்குக் காலியாகத் திரும்பும்போது அதையும் ஏற்றிவிட்டோம். "நானா, பறந்து போயிருச்சு! திரும்பிக்கூடப் பாக்கல" என்று டிரைவர் கடற்கரையிலிருந்து போன் எடுத்தார். சந்தை நடுவில் நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தியே விட்டேன்.

அன்றைக்கு அங்கே நின்ற ஒருவர்கூட அதற்குக் கெடுதல் நினைக்கவில்லை. பாசத்தோடுதான் அதை மூழ்கடிக்கப் பார்த்தோம். அதனால் இப்போதெல்லாம் யாருக்கு உதவப் போனாலும், இது அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன்.