நாய் நின்ற வாசல்

மனைவியின் திதிக்காகத் திருமழபாடி போயிருந்தேன். கொள்ளிடத்தில் முழுகிவிட்டு மதிய பஸ்ஸில் அரியலூர் திரும்பியபோது வாசல் நாதாங்கி பூட்டோடு பெயர்ந்து கிடந்தது. உள்ளே பீரோ திறந்திருந்தது. அவளுடைய வளையல்களும் வெள்ளிக் குத்துவிளக்கும் இல்லை. போலீசுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பொறுமையாக விலாசம் கேட்டுக்கொண்டு, "எதையும் தொடாதீங்கய்யா. வெளியில வந்து உக்காந்துக்குங்க" என்றாள்.

நான் வெளியில் உட்காரவில்லை. அவளுடைய புடவைகள் தரையெல்லாம் இறைந்து கிடந்தன. உள்பாவாடைகளும் ரவிக்கைகளும் கட்டிலுக்கடியில் வரை சிதறியிருந்தன. முன்பின் தெரியாத நாலு பேர் பூட்ஸ் காலோடு வந்து அதைப் பார்க்கப் போகிறார்கள். விருந்தாளி வருகிறார்கள் என்றால் தெருவிலேயே நிறுத்திவைத்துவிட்டுக் கூடத்தைப் பெருக்குகிற பெண் அவள். எல்லாவற்றையும் மடித்துப் பீரோவில் வைத்தேன். கதவில் இருந்த அழுக்குக் கைத்தடத்தைத் துடைத்தேன். பெயர்ந்து கிடந்த பூட்டைக்கூடத் துடைத்து ஜன்னலில் வைத்தேன். கடைசியாகப் பினாயில் ஊற்றிக் கூடம் முழுக்க மெழுகித் துடைத்துவிட்டேன்.

ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை. அது அவருடையது. அவர் எங்கள் தெருக் கோடியில் இருப்பவர். சிமெண்ட் ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு ஊரே என்னை ஒரு மாதம் விசாரித்துவிட்டு ஓய்ந்தது. அவர் மட்டும் தினமும் சாயங்காலம் வந்தார். செய்தி பார்ப்பார், நான் போடும் காபியைத் திட்டுவார். "வாத்தியாரே, அறிவியல் படிச்சவரு, பால்ல எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு ஒரு கணக்கு இல்லையா?" என்பார். என் வீட்டின் இன்னொரு சாவி அவரிடம் இருந்தது.

தரை காய்வதற்கும் போலீஸ் வருவதற்கும் சரியாக இருந்தது. ஒரு எஸ்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள். அடுத்த வண்டியில் கைரேகை எடுப்பவரும் மோப்ப நாயும் வந்தார்கள். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். மூக்கை உறிஞ்சி, "பினாயில் வாசன வருதே. தொடச்சீங்களா சார்?" என்று கேட்டார்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். தொடாதே என்று சொன்னதைத் தெரிந்தே தொட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "காலையில, ஊருக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி" என்றேன்.

அவர் அதை நம்பி எழுதிக்கொண்டார்.

கைரேகைக்காரர் பொடியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நாய் பூட்டை மோந்தது, இரண்டு தடவை தும்மியது, கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. துடைத்த தரையில் அதற்கு என்ன கிடைக்கும்? பிரம்பு நாற்காலியிடம் வந்து நின்று வெகுநேரம் மோந்தது. பிறகு கயிற்றை இழுத்துக்கொண்டு வெளியே போனது. நாங்கள் பின்னால் போனோம். தெரு ஜனமும் பின்னால் வந்தது. நாய் நேராகத் தெருக் கோடிக்குப் போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டது.

"இது யாரு வூடு சார்?"

சொன்னேன்.

"உங்க வூட்டுக்கு வேற யாரு யாரு வந்து போவாங்க?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையில் வேறு யாரும் இல்லை. "அவர் மட்டுந்தான்" என்றேன். நான் ஊரில் இல்லாதது அவருக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். சாவி இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். ஒவ்வொரு பதிலும் உண்மை. சாவி வைத்திருப்பவர் எதற்கு நாதாங்கியைப் பெயர்க்கப் போகிறார் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் தினமும் நடக்கிற வழியில்தான் நாய் நடந்தது, மற்ற தடமெல்லாம் நான் துடைத்த துணியோடு போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காலையில் துடைத்ததாகச் சொன்ன பொய் வெளியே வந்துவிடும்.

அவர் கைலியோடு வெளியே வந்தார். கூட்டத்தையும் நாயையும் பார்த்துச் சிரித்தார். "என்னங்கய்யா, மாப்பிள்ள அழைப்பா? நாய முன்னாடி வுட்டு வரீங்க?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எஸ்.ஐ. விஷயத்தைச் சொல்லி, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க, சும்மா விசாரணைதான் என்றார். அவர் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"நீங்க சொல்லலியா, வாத்தியாரே?"

நான் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டேஷனில் அவரை யாரும் கடிந்து பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. டீ வாங்கிக் கொடுத்து, கைரேகை எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஜீப்பில் ஏறியதைத் தெரு பார்த்தது. மறுநாள் மளிகைக் கடையில் அவரை, "நாய் வந்துச்சாமே" என்று கேட்டிருக்கிறார்கள்.

சில வாரம் கழித்துச் செந்துறைப் பக்கம் ஒருவன் பிடிபட்டான். பூட்டிய வீடாகப் பார்த்து உடைப்பவன். என் விளக்கும் அவனிடம் இருந்தது. ஸ்டேஷனில் அதை அடையாளம் காட்டியபோது எஸ்.ஐ.யிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் நாயை எறக்கியிருக்கவே மாட்டேன் சார்" என்றார்.

அங்கிருந்து நேராகத் தெருக் கோடிக்கு, அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், துடைத்ததையும், பொய்யையும், பேசாமல் நின்றதையும். அவர் முழுக்கக் கேட்டார். உள்ளே போய் என் சாவியை எடுத்து வந்து கேட்டுக் கம்பி வழியாக நீட்டினார்.

"இது இங்க இருக்க வேணாங்க. அப்புறம் மறுபடி நாய் வரும்."

வாத்தியாரே என்று அவர் கூப்பிடவில்லை.

தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்த்துவிட்டுப் போக இப்போது ஒரு போலீஸ்காரர் அவ்வப்போது வருகிறார். நல்ல பிள்ளை. பிரம்பு நாற்காலியில்தான் உட்காருவார், கொடுக்கும் காபியை ஒன்றும் சொல்லாமல் குடிப்பார். போன தடவை, யாராவது வந்து போறாங்களாய்யா என்று கேட்டார். நீங்கதான் என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். திதி வருகிறதே, ஊருக்குப் போனால் சாவியைத் தெரிந்தவர்கள் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். சரி என்று தலையாட்டினேன்.

இந்த வருஷமும் திருமழபாடி போனேன். ஆற்றில் இறங்குமுன் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்தபோது, பையிலிருந்து இரண்டு சாவியும் மணலில் விழுந்தன.