நடுத்தண்ணி ஒச்சம்மாள்

ஊருணியில் நரம்புச் சிலந்தி ஒழிந்த கதையை யாராவது எடுத்தால், "சர்க்கார் வந்து ஒழிச்சது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். செம்மலைக் கொத்தனாருக்கு அங்கேயே மூக்கு விடைத்துவிடும். சர்க்கார் வந்தது, மருந்து போட்டது, எல்லாம் சரி. அது பின்னால். முதலில் ஊரை மறித்து நின்றவள் அவர் அக்காள் ஒச்சம்மாள். அவள் பேரை ஒரு பயல் சொல்வதில்லை. வருசக்கணக்காக அவருக்கு இந்த வயிற்றெரிச்சல்.

நெற்குப்பைக்குத் தெற்கே இருந்த அந்தக் குடியானவத் தெருவுக்குக் குடிக்க ஊருணி ஒன்றுதான். கரையோரம் கலங்கல். சேலையைத் தூக்கிச் செருகி, இடுப்பளவு உள்ளே போய், குடத்தால் பாசியை விலக்கி மொள்ளுவதுதான் நடுத்தண்ணி. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "பொண்ணு நடுத்தண்ணி எடுக்குமா?" என்று கேட்பார்கள். அதில் ஒச்சம்மாளை அடிக்க ஆள் கிடையாது. அய்யனார் பொங்கலுக்கு முதல் குடம் அவள் குடம்தான்.

வெயில் ஏறினால் ஊரில் சிலந்தி இறங்கும். காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போலப் புழு தலை நீட்டும். குச்சியில் சுற்றிச் சுற்றித்தான் இழுக்க வேண்டும். அறுந்தால் கால் பானையாக வீங்கிவிடும். விதைப்புக்குப் பாதி ஊர் எழுந்திருக்காது.

அறுபத்தஞ்சு வாக்கில், எந்தத் தெருவில் என்ன நோய், அங்கே குடியிருப்பும் தண்ணீரும் எப்படி என்று ஆராய்ச்சி செய்ய மதுரையிலிருந்து கல்யாணசுந்தரி என்ற டாக்டரம்மா வந்தார்.

"வீட்ல யாருக்கும் சீக்கு உண்டாம்மா?"

"சீக்கா? ஆத்தா புண்ணியத்துல இந்த ஊருக்கே சீக்குக் கெடையாது தாயி" என்றாள் ஒச்சம்மாள்.

"கால்ல என்ன கட்டு?"

"இதா? இது சிலந்தி. வரும், போகும். சீக்குன்னா படுத்துல்ல கெடக்கணும்?"

"அந்தா ஒருத்தர் படுத்திருக்காரே?"

"அவன் என் தம்பி. சோம்பேறிப் பய."

காலைத் தூக்கித் தலையணையில் வைத்துக் கிடந்த செம்மலைக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டரம்மா சிரித்துவிட்டார். தெருத்தெருவாக எல்லா வீட்டிலும் இதே பதில்தான் வந்ததாம். அன்றிலிருந்து அவர் சீக்கு என்று கேட்பதை விட்டுவிட்டு, சிலந்தி இறங்கியதா என்றே கேட்டார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து ஒச்சம்மாளிடம் சொன்னார். "செட்டியார் தெருவுல வீட்டுக்கு வீடு கிணறு. உருளையில கயிறு போட்டு எறைக்கிறாங்க. அங்க ஒருத்தருக்கும் இது இல்ல. வெயில் ஒண்ணு, மண்ணு ஒண்ணு, தண்ணிதான் வேற. புண்ணுக் காலோட உள்ள இறங்கினா புழு தண்ணியில குஞ்சு விடுது. குடிக்கிறவங்களுக்கு அடுத்த வருசம் கால்ல வருது."

ஊரிலேயே அதிகமாக உள்ளே இறங்கியவள் ஒச்சம்மாள்தான்.

அந்த வைகாசிப் பொங்கலுக்கு ஊரே கூடி நிற்க, அவள் தண்ணீருக்குள் இறங்கவில்லை. கரையில் நின்று குடத்தைக் கயிற்றில் கட்டி வீசி, வேட்டித் துணியில் வடிகட்டினாள்.

"வயசாச்சு, முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே" என்றாள் பக்கத்து வீட்டுச் சிட்டாள். ஒரே சிரிப்பு.

ஊர்த் தலைவரான அம்பலம் மலையாண்டி சிரிக்கவில்லை. "ஏ ஒச்சம்மா, சாமிக்குக் கரைத்தண்ணியா? உள்ள எறங்கு. இல்லைன்னா இந்த வருசம் பொங்கல் ஒன்னாலதான் நின்னுச்சுன்னு ஆகிப்போகும்."

"எறங்குறேன் மாமா. இந்தக் காலை என்ன செய்ய?"

கட்டை அவிழ்த்தாள். குச்சியில் சுற்றிய புழு தொங்கியது.

"இதைக் கழுவுன தண்ணியிலதான் இம்புட்டு நாளும் அய்யனாருக்குப் பொங்கினோம். இன்னைக்கும் அதுதான் வேணும்னா சொல்லுங்க, குதிச்சிர்றேன்."

அம்பலத்தின் இடது காலிலும் கட்டு இருந்தது. அதைக் குனிந்து பார்த்தார்.

"அந்தத் தண்ணியவே உலையில ஊத்துங்க" என்றார்.

பொங்கல் அன்று தலையாட்டிய ஊர் மறுநாளே பழைய புத்திக்குப் போனது. அவள் விடவில்லை. கோடை முழுக்க விடியலில் கரையில் உட்கார்ந்து, கால் நனைக்க வந்தவர்களை வாயாலேயே விரட்டினாள். "சோம்பேறிப் பயலே, எந்திரி" என்று செம்மலையைக் கிளப்பி, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு கல்மேடை கட்டச் சொன்னாள். கட்டினார். இன்றும் ஒரு கல் அசையவில்லை. அதற்கடுத்த கோடையில் கட்டுப் போட்ட கால்கள் குறைந்தன. பிறகு தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. விதைப்புக்கு ஏர்கள் வரிசையாகப் போவதைப் பார்த்து அவள் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே, அம்பலமே தோற்றார்.

எழுபத்தாறாம் வருசம் காமாலையில் படுத்தாள். பிழைக்க மாட்டோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. சாவு விழுந்தால் பங்காளிகள் ஊருணியில் முங்கி எழுந்து, நீர்மாலை என்று குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். செம்மலையைக் கிட்டே கூப்பிட்டாள்.

"தம்பி, என் நீர்மாலைக்கு ஒரு பய உள்ள எறங்கப்படாது. முங்குனாத்தான் மொறைன்னு சொல்லுவாய்ங்க, விட்றாத. நீ மேடையில நின்னு கயித்துல மொண்டு, ஒவ்வொருத்தன் தலையிலயும் ஊத்து."