ஐம்பத்தெட்டு கிலோ

எடையம்மாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அந்த ஊர் பார்த்ததில்லை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். கரப்பான்பூச்சி பறந்தால் வீட்டை அதற்கே விட்டுக்கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் தும்மிய சத்தத்துக்கே பால் பாத்திரத்தைக் கீழே போட்டவள் என்று அவளுடைய நாத்தனார் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவ்வளவும் உண்மை. இனி நான் சொல்லப்போவதும் அதே எடையம்மாவைப் பற்றித்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஊர் எல்லையில் இருந்த எடைமேடையில் லாரி டிரைவர்களோடு மல்லுக்கட்டுவது. ரோட்டுக்குச் சமமாகப் பதித்த நீளமான இரும்புத் தட்டு. லாரி அதன்மேல் ஏறி நின்றால் பக்கத்து அறையில் சிவப்பு எழுத்தில் எடை வரும். காலி வண்டியை ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை நிறுப்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கின் எடை. இதில் ஒரு பழைய தில்லுமுல்லு உண்டு. காலி வண்டியை நிறுக்கும்போது, அறை ஜன்னலுக்குத் தெரியாமல், பின் சக்கரத்தின் மறைவில் ஒரு ஆள் தட்டின்மேல் நின்றுகொள்வான். காலி வண்டி அவன் எடைக்குக் கனத்துவிடும். பிறகு அந்த அளவு சரக்கை யாருக்கும் தெரியாமல் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போகலாம்.

இருபத்தெட்டு வருஷத்தில் எடையம்மாவிடம் இந்த வித்தை ஒருநாளும் பலித்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு லாரியைச் சுற்றி வருவாள். "எறங்கு! மேடைய விட்டு எறங்கு!" என்று அவள் போடும் சத்தம் எதிர்ப்பக்கத்து டீக்கடைக் கண்ணாடி டம்ளரை அதிரவைக்கும். நேர்மைக்குப் பேர் போனவள் என்று யாராவது புகழ்ந்தால் அவளுக்கு வெட்கமாகிவிடும். "நேர்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு பயம், அவ்வளவுதான்" என்பாள்.

பிறகு வானத்திலிருந்து அவர்கள் வந்தார்கள். ஊரில் அவர்களுக்குப் பேரெல்லாம் வைக்கவில்லை, வந்தவங்க என்றார்கள். சாம்பல் நிறம், கதவு உயரம், அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் கைகள். மூன்றே நாளில் ஊர் அவர்கள் கைக்குப் போனது. மலைமேல் முகாம் போட்டுக்கொண்டார்கள். வாரத்துக்குப் பத்துப் பேரை ஏதோ ஒரு தெருவிலிருந்து மேலே கூட்டிப் போனார்கள். போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. மற்றவர்கள் ஊரைவிட்டு நகரக்கூடாது என்று உத்தரவு.

அவர்களுக்கு வேண்டியிருந்தது உப்பு. கிடங்கிலிருந்து பத்து லாரிகள் தினமும் உப்பு மூட்டைகளை மலைக்கு ஏற்றிப் போகவேண்டும். வண்டிக்கு இருநூறு மூட்டை, மூட்டைக்கு ஐம்பது கிலோ. மேலே மூட்டையை எண்ணுவார்கள், கீழே மேடையில் எடையைப் பார்ப்பார்கள். எடை விஷயத்தில் அவர்கள் பிசாசுகள். அவர்கள் இனத்தில் ஒவ்வொருவரும் பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே எடையாம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுமாம், அதுதான் அவர்களுக்குப் பேராம். மேடை அறையில் வந்து உட்கார்ந்த அதிகாரியின் எடை இருநூற்றுப் பன்னிரண்டு. டிரைவர்கள் அதற்கு வைத்த பேர் கல்லு. நெஞ்சில் மாட்டியிருந்த பெட்டி வழியாக, இலக்கணம் பிசகாத தமிழில் பேசும்.

எடையம்மாவைப் பற்றி யாரோ அதற்குச் சொல்லியிருந்தார்கள். "நீ தொடர்ந்து பணியாற்றுவாயாக. மேடையில் எவரும் நிற்காதவாறு கண்காணிப்பாயாக" என்றது கல்லு.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தபால்காரர் அப்படித்தான் சொன்னார். அவரை அன்றைக்கே மேலே கொண்டுபோனார்கள்.  எடையம்மாவுக்கு வீட்டில் சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்த புருஷன். "சரிங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக ஊரில் பாதிப் பேர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். பேசாதவர்கள் எல்லாரும் உப்புக் கிடங்கில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது மாதம் அது நடந்தது. காலையில் லேசாகத் தூறியிருந்தது. தொப்பை என்று எல்லாரும் கூப்பிடும் டிரைவரின் லாரி சரக்கோடு வந்து ஏறியது. எடை ஐம்பத்து நான்கு கிலோ அதிகம்.

"இது எதனால்?" என்று கேட்டது கல்லு.

மழை பெய்திருந்தது. உப்பு ஈரம் குடிக்கும், தார்ப்பாய் தண்ணீர் தாங்கும். இது எடையம்மாவைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? மழைங்க என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் கல்லு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம் நாக்கின் நுனியில் நின்றது.

"ஆள் எடைங்க" என்றாள்.

மூட்டைகளை விலக்கினார்கள். உள்ளே இருந்து எழுந்தவர் மருந்துக்கடைக்காரர். புருவத்திலும் தலையிலும் உப்பு. அவரை இறக்கி நிறுத்தினார்கள். திட்டுவார், காறித் துப்புவார் என்று எடையம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை தீர்ந்திருக்குமே. கடையில மேல் தட்டு, ரெண்டாவது டப்பா. எடுத்துக்குங்க."

அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். டிரைவர்கள் பத்துப் பேர்தான் என்பதால் தொப்பையை மட்டும் விட்டார்கள்.

அவள் அந்த மாத்திரையை எடுக்கப் போனாள். போகாமல் என்ன செய்வது, புருஷனுக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. மேல் தட்டு, இரண்டாவது டப்பா. இரண்டு வருஷத்துக்கு இருந்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கடைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ சொல்லலைன்னா உன்னைக் கொண்டு போயிருப்பாங்க" என்றார் அவர்.

"என்னைக் கொண்டு போகல. அதுதாங்க தாங்க முடியல" என்றாள்.

இருபது நாள் கழித்துத் தொப்பையிடம் அவளாகப் போய் நின்றாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தம்பி, என்னைத் திட்டணும்னா அப்புறம் திட்டிக்க. நாளைக்கு உன் வண்டியில ஒரு ஆள் போகலாம். ஐம்பத்தெட்டு கிலோ. கூடக் கொறைய இருந்தா முன்னாடியே சொல்லு, நான் சரிக்கட்டிக்கிறேன்."

தொப்பை அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன், ஐம்பத்தெட்டு என்ன கணக்கு?"

"அது என் எடை."

அவன் லாரிக்காரன். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் மலையிலிருந்து காலி வண்டி வந்தது. தொப்பை இறங்கி, ஜன்னலுக்கு நேராகக் கல்லு பார்க்கும்படி நின்றான். யாரும் மேடையில் நிற்கவில்லையே என்று பார்க்க எடையம்மா வழக்கம்போல வண்டியைச் சுற்றிப் போனாள். பின் சக்கரத்தின் மறைவுக்குப் போய், தட்டின்மேல் ஏறி நின்றாள். முழங்கால் இரண்டும் அடித்துக்கொண்டன. எதிரே ஆளே இல்லாத ரோட்டைப் பார்த்து, "எறங்கு! மேடைய விட்டு எறங்கு!" என்று கத்தினாள். அறைக்குள் சிவப்பு எழுத்தில் காலி வண்டியின் எடை ஐம்பத்தெட்டு கிலோ கூடி விழுந்தது. மத்தியானம் அதே வண்டி இருநூறு மூட்டையோடும் மூட்டைக்கு நடுவில் ஒரு தையற்காரரோடும் வந்து நின்றபோது, கணக்கு அச்சாகப் பத்தாயிரம் கிலோ.

மலைப் பாதையின் முதல் வளைவில் காடு. அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் இன்னும் வரவில்லை. தொப்பை அங்கே வண்டியை நிறுத்தி, டயரை உதைத்துப் பார்ப்பதுபோல இறங்குவான், மூட்டைக்கு நடுவில் இருந்தவர் காட்டுக்குள் நழுவிவிடுவார்.

வாரத்துக்கு இரண்டு பேர், சில வாரம் ஒருவர். மெலிந்தவர் வந்தால் எடையம்மா மத்தியானம் ஒரு இரும்புத் துண்டை மட்டும் தட்டின்மேல் வைத்துக் குறையை நிரப்புவாள். கனத்தவர் வந்தால் காலையிலேயே துண்டைக் கையில் எடுத்துக்கொள்வாள். வருகிறவர் பயந்துபோய் வராமல் இருந்துவிட்டால் மத்தியானமும் அவளே ஏறி நிற்பாள். பயந்து வராதவர்களை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பயத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. சாப்பாட்டுப் பையில் இரும்புத் துண்டுகள், மனசில் கழித்தல் கணக்கு, நெஞ்சில் படபடப்பு, இப்படியே பதினான்கு மாதம். தைரியம் வந்துவிட்டதா என்று தொப்பை ஒருநாள் கேட்டான். "எங்க வந்துச்சு? தினமும் காலையில வாந்தி எடுத்துட்டுத்தான் வரேன்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. கன்னம் ஒட்டிப்போனது, வளையல் முழங்கைக்கு ஏறியது. உடம்பு கரையக் கரையப் பையில் இரும்பைக் கூட்டிக்கொண்டே வந்தாள், காலைக் கணக்கு ஐம்பத்தெட்டிலிருந்து விலகிவிடக் கூடாதென்று.

அங்கேதான் தப்புச் செய்தாள். பழகிய திருடனாக இருந்தால் ஒரு நாள் ஐம்பது, ஒரு நாள் எழுபது என்று மாற்றி மாற்றி வைத்திருப்பான். எடையம்மாவுக்கு அது வரவில்லை. முடிந்தவரை அதே ஐம்பத்தெட்டு, இம்மி பிசகாமல். தன் தொழில் சுத்தத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை, பாவம். டேங்க் நிறைய டீசலோடு வருகிற அதே லாரி சில காலைகளில் மட்டும் ஐம்பத்தெட்டு கிலோ கனப்பதைக் கல்லு கண்டுபிடித்துவிட்டது.

ஒரு காலை மேடைப் பக்கம் நடமாடுகிற எல்லாரையும் வரிசையில் நிறுத்தியது. டிரைவர்கள், கிடங்குக் காவலாளி, எதிரே டீக்கடைக்காரி. "எவருடைய எடை ஐம்பத்தெட்டோ, அவரே குற்றவாளி."

முதலில் எடையம்மா. பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினாள். செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாற்பத்தொன்பது. விலகு."

அவளுக்கே ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பயம் அவளிடமிருந்து தின்ற ஒன்பது கிலோ அவளைக் காப்பாற்றிவிட்டது. எடை மாறும் என்பதே கல்லுவின் புத்திக்கு எட்டவில்லை. தப்பித்தேன் என்று அவள் மனசு கூத்தாடியது. அதை மறைப்பதில் என்ன இருக்கிறது, யாருடைய மனசுதான் ஆடாது?

தொப்பை தொண்ணூற்றேழு. காவலாளி எழுபத்து மூன்று. டிரைவர்கள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். கடைசியாக டீக்கடைக்காரி ஏறினாள்.

"ஐம்பத்தெட்டு" என்றது கல்லு.

 டீக்கடைக்காரிக்கு ஒன்றுமே தெரியாது. எடையம்மாவோடு பேச்சை நிறுத்திய பாதி ஊரில் அவளும் ஒருத்தி.

எடையம்மா சும்மா இருந்திருந்தால் போதும். அன்றைக்குப் பேசியது தப்பாகப் போனது. இன்றைக்குப் பேசாமல் இருந்தால் அதே தப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்துக்கொண்டு பேசினாள்.

"அவ இல்லீங்க. எங்க எடை ஒரே மாதிரி நிக்காதுங்க. வேணும்னா பாருங்க." டீக்கடையிலிருந்து தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து நீட்டினாள். "குடிடி. பூராவும் குடி."

அவள் குடித்தாள். திரும்ப நிறுத்தார்கள். ஐம்பத்தொன்பது.

கல்லு சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. நேற்றிருந்த ஆள் இன்றைக்கு வேறு ஆளாக இருக்க முடியும் என்பதை அது அப்போதுதான் தெரிந்துகொண்டது. மெதுவாக எடையம்மா பக்கம் திரும்பியது.

"அவ்வாறெனில், உனது எடை முன்பு யாது?"

நாற்பத்தொன்பது என்று அவள் சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆனால் அவள் பொய் சொன்னால் கல்லு யார்மேல் கையை வைக்கும்? ஐம்பத்தொன்பது கிலோவாக எதிரே நிற்கிறவள்மேல்தான்.

"ஐம்பத்தெட்டுங்க" என்றாள் எடையம்மா. "பயந்து பயந்து கொறஞ்சுபோச்சு." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே மேடைமேல் ஏறி நின்றாள். சிவப்பு எழுத்து ஐம்பத்தெட்டில் போய் நின்றது.

அவளை மலைக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றினார்கள். அவள் குரல் தெளிவாக வந்தது. "தம்பி, வீட்டுக்காரருக்கு மாத்திரை அலமாரியில மேல் தட்டு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மறந்துடாத." தொப்பை தலையை ஆட்டினான். அவ்வளவு பெரிய உடம்பு அன்றைக்கு ரோட்டோரம் உட்கார்ந்து விம்மியதை எல்லாரும் பார்த்தார்கள். காட்டுக்கு அந்தப் பக்கம் நூற்று மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மேடைக்குப் புது ஆள் வேண்டும் என்றது கல்லு. அதற்குள் தொப்பையிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த டீக்கடைக்காரி தானாகப் போய் நின்றாள். குற்றமில்லாதவள் என்று நிறுத்துப் பார்த்து நிரூபித்தாயிற்றே, உடனே வேலை கிடைத்தது.

அடுத்த வாரம் தொப்பையின் காலி வண்டி வந்து மேடையில் ஏறியது. அவன் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றான். டீக்கடைக்காரி வண்டியைச் சுற்றிப் போனாள். மடியில் கொஞ்சம் இரும்பு, நேற்று வைத்த அளவு இல்லை, நாளைக்கு வைக்கப்போகிற அளவும் இல்லை. பின் சக்கரத்தின் மறைவில் தட்டின்மேல் ஏறினாள். முழங்கால் அடித்துக்கொண்டது.

"எறங்கு! மேடைய விட்டு எறங்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இறங்கவில்லை.