பின் சீட்டில் மாமி

எங்கள் கிண்ணியாவில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அப்படிப் போனவன்தான் நானும். வீடு மனைவியின் பெயரில். மாமா, மாமி, மச்சினி எல்லோரும் எங்களோடுதான். அறைச் சுவர்கள் கூரையைத் தொடாமல் நின்றுவிடும். இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கம் மாமி கொத்தமல்லி அவிக்கத் தொடங்கிவிடுவார். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூச்சு முட்டும்.

அதனால் நானும் மனைவியும் எங்கள் கதையை வீட்டுக்குள் கதைப்பதில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, வாசலில் நிற்கும் என் ஓட்டோவில் ஏறி, மழைக்குப் போடும் திரையை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு உட்கார்வோம். உள்ளே வெந்து போவோம். அவளுடைய பள்ளிக்கூடச் சண்டைகள், என் முதுகு வலி, பிள்ளை இல்லாத கவலை எல்லாம் அங்கேதான்.

போன வருடம் திருகோணமலை டவுனில், துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு சின்ன வீடு வாடகைக்கு வந்தது. அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூத்த மகள் வீட்டை விட்டுப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. தெரிந்தும் ஆசை விடவில்லை. எந்த ஜன்னலுக்கு என்ன நிறத் திரைச்சீலை என்பதுவரை கதைத்து முடித்தோம்.

வியாழன் மாலை, இதை மாமியிடம் யார் சொல்வது என்று நாங்கள் இழுபட்டுக்கொண்டிருந்தபோது ஓட்டோத் திரை விலகியது. மாமி ஏறிப் பின் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையை இழுத்து மூடினார். நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டாரோ என்று நினைத்தேன்.

"மகன், எனக்கும் கொஞ்சம் கதைக்கணும். வூட்டுக்குள்ள ஏலாது."

மாமாவின் சுடுசொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். அந்தச் சுவர்களுக்கு நடுவில் இத்தனை வருடமும் வாய்விட்டு அழக்கூட அவருக்கு இடம் இருக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் இஞ்ச இருக்கிறதாலதான் நான் தாக்குப் பிடிக்கிறன்."

மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஓட்டோவை எடுத்தேன். கிண்ணியாப் பாலத்தில் நல்ல காற்று. திரையைச் சுருட்டிவிட்டு மாமி சிரித்தார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பாலம் முடிந்த இடத்தில், டவுனுக்குப் போகும் பாதையில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, வண்டியைத் திருப்பினேன்.

டவுன் வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அஸருக்குப் பிறகு ஓட்டோவில் நாங்கள் மூன்று பேர். மாமி கதைக்கிறார். எங்களுக்குத்தான் கதைக்க இடமில்லை.