மஸ்தூராவின் கூட்டுப்புழுக் கோழிகள்

எங்கள் ஊர் மர்கிலானில் பட்டு ஆலை நாற்றம் தெரியாத மூக்கு கிடையாது. நானும் மஸ்தூராவும் அந்த நாற்றத்திலேயே நூல் எடுத்துக் காலம் தள்ளியவர்கள். பட்டுக்கூடுகளை வெந்நீரில் போட்டு நூலைச் சுற்றியெடுத்த பிறகு உள்ளே கூட்டுப்புழு மிஞ்சும். நாங்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்போம். மஸ்தூரா மூட்டை மூட்டையாக வீட்டுக்கு அள்ளிப் போவாள். காயவைத்து, அரைத்து, சோளக் குருணையில் கொஞ்சம் கலந்து கறிக்கோழிகளுக்குப் போடுவாள். குஞ்சுகள் கிடுகிடுவென்று வளர்ந்தன.

ஒரே ஒரு வில்லங்கம். கடைசிவரை புழுமாவு தின்ற கோழியின் கறியில் அந்த நாற்றம் ஏறிவிடும். அறுக்குமுன் கோழியை மூன்று நாள் அடைத்துவைத்துச் சுத்தமான தானியம் போடுவது எங்கள் வழக்கம். மஸ்தூரா அதை இரண்டு வாரமாக நீட்டிக்கொண்டாள்.

சந்தையோரம் தேநீர்க்கடை வைத்திருக்கும் கோபில் என்பவர், தன் மகனின் சுன்னத்து விருந்துக்கு அவளிடம் கோழி கேட்டார்.

"விருந்துல நல்ல பேர் வாங்கு, கடைக்கும் உன் கோழிதான். நாறிச்சுன்னா ஊரே காறித் துப்பும், சொல்லிட்டேன்."

"துப்புறதுக்கு வாயில ஒண்ணும் மிஞ்சாதுண்ணே" என்றாள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

விருந்துக்கு முதல் நாள், எப்போதும்போல, விருந்துக்கென்று ஒதுக்கிய பெரிய சேவல்களில் ஒன்றை உப்பு மட்டும் போட்டு வேகவைத்துப் பார்த்தாள். மூடியைத் திறந்ததும் அதே புழு நாற்றம் அடித்தது. அவள் கணவன் எர்காஷ் வாசலில் நெளிந்தான்.

"விருந்தாளிக்குப் போற சேவல், வெறும் சோளத்தையே தின்னுது. மனசு கேக்கல. தினம் ரெண்டு கை புழுமாவு போட்டேன்."

"கோழிக்கே விருந்து வச்சுட்டீங்களா?"

விருந்தாளி என்றால் எங்கள் ஆண்களுக்குப் புத்தி வேலை செய்யாது.

"சீரகத்தை அள்ளிப் போட்டா தெரியாதுடி" என்றேன் நான். அவள் என்னை முறைத்துவிட்டு, அந்தப் பானையோடு நேராகக் கோபில் கடைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

அவர் ஒரு கரண்டி குடித்துத் துப்பினார். "விருந்து நாளைக்கு! இப்பவா சொல்றே?"

"நாளைக்கு உங்க விருந்தாளிங்க சொல்லி நீங்க கேக்குறதுக்குப் பதிலா, இன்னிக்கு நான் சொல்லிடுறேன். சந்தைக்குன்னு வச்ச பெட்டைங்க இருக்கு. இதே மாவுல வளந்ததுதான், ஆனா ரெண்டு வாரம் முன்னாடியே சோளத்துக்கு மாத்தியாச்சு, என் வீட்டுக்காரர் கை படல. சின்னதா இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டித் தர்றேன்."

வேறு வழியில்லாமல் வாங்கினார். மறுநாள் விருந்தில் நான் கண்ணால் பார்த்தேன்: சட்டியை ரொட்டியால் வழித்துத் தின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மாலையே கோபில் அவள் வீட்டு வாசலில் நின்றார். "அந்தப் பெரிய சேவல்களையும் நாளைக்கே கடைக்கு அனுப்பிடும்மா. சீரகம் போட்டுச் சமாளிச்சுக்கிறேன்."

"அனுப்ப மாட்டேன். இன்னும் ரெண்டு வாரம் சோளம் தின்னட்டும். ஒண்ண வேகவச்சுப் பாத்துட்டு நான் சொல்லி அனுப்புறேன், அப்ப வாங்க."

சந்தையில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. 

"சரிம்மா, காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.